வயலுக்குள் நிற்கும் குளிசைப் பெட்டி

"வழியில் கண்டவை" – தொடர் பத்தி

நாம் வாழ வந்திருக்கும் இந்த நாட்டில் கண்ணில் படுவதையும் காதில் விழுவதையும் எனக்குத் தெரிந்த அளவில் இந்தப் பகுதியில் எழுதி வருகிறேன். சென்ற இதழ் வெளிவந்த பின்னர், இங்கிலாந்துக்கு வந்து ஆறு மாதமே ஆன ஒரு குடும்பத்தவரைக் கோயிலில் சந்தித்தேன். அந்த அக்கா கேட்ட கேள்வி இது:

"தம்பி, லண்டனுக்கு வெளியில போகேக்க வயலுக்குள்ளயும் ஆத்தங்கரையிலயும் சின்னச் சின்ன கொங்கிறீற் அறையள் நிக்குது. ஆறு மூலை. யன்னல் இல்லை, சின்ன ஓட்டைதான். அது என்ன, தண்ணித் தொட்டியோ? மகன் அதைப் பங்கர் எண்டு சொல்லுறான். இந்த நாட்டிலயும் பங்கரோ?"

மகன் சொன்னது சரிதான். இந்த நாட்டிலும் பங்கர்கள் இருந்தன. ஒன்றிரண்டல்ல, ஆயிரக்கணக்கில் இருந்தன. இந்த ஆறு மூலை அறைகளை இங்குள்ளவர்கள் 'பில்பொக்ஸ்' என்பார்கள். எங்கள் பேச்சில் சொன்னால் குளிசைப் பெட்டி. அந்தக் காலத்தில் குளிசை போட்டு வைக்கும் சிறிய பெட்டியைப் போல இருந்ததால், முதலாம் உலக யுத்த நாட்களிலேயே இந்தப் பெயர் வந்துவிட்டது. நாம் ஊரில் காவலரண் என்றும் சென்றி என்றும் சொன்னோமே, அந்த இனந்தான் இதுவும்.

நம்மில் பலருக்கு இதைப் பார்த்தவுடன் வயிற்றுக்குள் ஏதோ செய்யும். இந்த ஊர்ப் பிள்ளைகளோ அதன்மேல் ஏறி விளையாடுகிறார்கள். இது ஏன் கட்டப்பட்டது, யார் கட்டியது, பிறகு எப்படிக் காணாமற் போனது என்று தெரிந்துகொண்டால் நமக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது.

1940ஆம் ஆண்டின் கோடை

இரண்டாம் உலக யுத்தத்தில் பிரித்தானியா இறங்கியது 1939 செப்டெம்பர் 3ஆம் திகதி. முதல் சில மாதங்கள் பெரிய சண்டை இல்லாமல் கழிந்தன. 1940 மே 10ஆம் திகதி ஜேர்மன் படைகள் ஒல்லாந்து, பெல்ஜியம், பிரான்ஸ் பக்கமாகப் பாய்ந்தன. இரண்டே கிழமைகளில் பிரித்தானியப் படை பிரான்சின் கரையோரத்தில் டன்கேர்க் என்ற இடத்தில் முடங்கிப் போனது. மே 26இல் இருந்து ஜூன் 4 வரை, போர்க்கப்பல்களோடு மீன்பிடி வள்ளங்களும் உல்லாசப் படகுகளும் சேர்ந்து 338,000 பேருக்கு மேற்பட்ட படையினரை இக்கரைக்குக் கொண்டு வந்தன. ஆட்கள் வந்து சேர்ந்தார்கள், ஆயுதம் வரவில்லை. சுமார் 2,500 பீரங்கிகளும் 60,000க்கு மேற்பட்ட வாகனங்களும் அக்கரையிலேயே விடப்பட்டன. ஜூன் 22இல் பிரான்ஸ் சரணடைந்தது. ஜேர்மன் படைக்கும் இங்கிலாந்துக்கும் இடையில் மிச்சம் இருந்தது கடல் மட்டுந்தான். அதுவும் ஒடுங்கிய இடத்தில் 34 கிலோமீற்றர்.

எந்த நாளும் படையெடுப்பு வரலாம் என்று எல்லோரும் நம்பிய நேரம் அது. உள்நாட்டுப் படைகளின் தளபதியாக மே 27இல் நியமிக்கப்பட்ட ஜெனரல் அயன்சைட் ஒரு திட்டம் போட்டார். ஆயுதம் குறைவு, ஆனால் சீமெந்தும் மனிதக் கையும் இருக்கின்றன. ஆகவே நாட்டையே ஒரு கோட்டையாக்குவோம் என்பதுதான் அது. முதலில் கடற்கரை ஓரம் ஒரு தடை. அதைத் தாண்டி எதிரி வந்தால் அவனைத் தாமதிக்க வைக்க உள்நாட்டில் வரிசை வரிசையாகத் தடைக் கோடுகள். ஆறு, கால்வாய், றெயில் பாதையின் மண்மேடு என்று ஏற்கெனவே இருந்தவற்றையே தடையாகப் பாவித்து, அவற்றின் கரையில் குளிசைப் பெட்டிகளைக் கட்டினார்கள்.

இந்தக் கோடுகளில் பெரியது மேற்கே பிரிஸ்டல் பக்கமிருந்து லண்டனுக்குத் தெற்கே வந்து, கென்ற் வழியாகப் போய், பிறகு வடக்கே எசெக்ஸ், கேம்பிரிட்ஜ் பக்கமாக யோர்க்ஷயர் வரை போக வேண்டும் என்று வரையப்பட்டது. சறே பகுதியில் இருப்பவர்கள் வே ஆற்றங்கரையிலும், பேசிங்ஸ்ரோக் கால்வாய் ஓரத்திலும் இன்றும் பார்க்கலாம். கென்றில் இருப்பவர்களுக்கு மெட்வே ஆற்றங்கரை. மேற்கே சமசெற்றில் ரோண்டன் கோடு என்று ஒன்று, தெற்குக் கடலில் இருந்து வடக்குக் கடல் வரை ஏறத்தாழ 80 கிலோமீற்றர் நீளம்.

கட்டியவர்கள் இராணுவப் பொறியியலாளர் மட்டுமல்லர். அந்தந்த ஊர்க் கட்டட ஒப்பந்தகாரர்களும் மேசன்மாரும் கூலியாட்களும் இரவு பகலாக வேலை செய்தார்கள். மாதிரிப் படங்கள் 1940 ஜூனில் வந்தன. கோடை முடிவதற்குள் ஆயிரக்கணக்கில் எழும்பிவிட்டன. நாடு முழுவதும் சுமார் 28,000 குளிசைப் பெட்டிகளும் அது போன்ற உறுதியான அரண்களும் கட்டப்பட்டதாகச் சொல்கிறார்கள். பலகைக்குத் தட்டுப்பாடு வந்தபோது செங்கல்லால் உள்ளும் புறமும் சுவர் வைத்து, நடுவில் கொங்கிறீற்றை ஊற்றினார்கள். அதனால்தான் சிலது செங்கல் வீடு போல் தெரியும். பலகை வைத்து ஊற்றியதில் மரத்தின் ரேகை கூட இன்னும் சுவரில் பதிந்திருக்கும்.

என்னோடு ஒரே லைனில் வேலை செய்யும் வயதான வெள்ளைக்காரர் ஒருவர் இருக்கிறார். தன் பாட்டனாரின் தோட்டத்திலும் இப்படி ஒன்று இருந்ததென்றும், தான் சிறுவனாக இருந்தபோது அதற்குள் கோழி அடைத்திருந்தார்கள் என்றும் ஒரு நாள் தேநீர் நேரத்தில் சொன்னார். "மூன்று அடிச் சுவருக்குள் கோழி. நரி எப்படி வரும்?" என்று சிரித்தார்.

பார்ப்பது எப்படி

ஒரு குளிசைப் பெட்டிக்கு முன்னால் நின்றால் முதலில் வாசலைப் பாருங்கள். பெரும்பாலும் வாசல் பின்பக்கம் இருக்கும். அதற்கு எதிர்ப்பக்கம் எதுவோ அங்கிருந்துதான் எதிரி வருவான் என்று எதிர்பார்த்தார்கள். அதிகம் காணப்படும் வகைக்கு இலக்கம் 24. அதில் வாசல் உள்ள சுவர் நீளமாகவும் மற்ற ஐந்தும் கட்டையாகவும் இருக்கும். ஆறு சுவரும் ஒரே அளவாக இருந்தால் அது 22ஆம் வகை. ரவைக்கு மட்டும் தாங்கும் சுவர் ஓரடி தடிப்பு. செல்லுக்கும் தாங்க வேண்டியது மூன்றரை அடி தடிப்பு. உள்ளே போனால் நடுவில் ஒரு குறுக்குச் சுவர் இருக்கும். ஓர் ஓட்டையால் வரும் ரவை உள்ளே தெறித்துச் சுழன்று எல்லோரையும் கொல்லாமல் இருக்க அதை வைத்தார்கள்.

சிலவற்றை உருமறைத்திருந்தார்கள். வைக்கோற் போர் போல், குடிசை போல், கடற்கரையில் ஐஸ்கிறீம் கடை போல் எல்லாம் பூச்சுப் பூசி வைத்தார்கள். இவை தவிர, டாங்கிகளை மறிக்க ஆளுயரக் கொங்கிறீற் கட்டிகளை வரிசையாக வைத்தார்கள். நீளமான அகழிகள் வெட்டினார்கள். விமானம் இறங்காதபடி பெரிய வயல்களுக்குள் கம்பங்கள் நட்டார்கள். சந்தியில் இருந்த வழிகாட்டிப் பலகைகளையும் றெயில் நிலையப் பெயர்களையும் கழற்றினார்கள். எதிரி இறங்கினால் மட்டுந்தான் கோயில் மணி அடிக்கலாம் என்று ஜூனில் சட்டம் போட்டார்கள். மே 14இல் தொடங்கிய ஊர்த் தொண்டர் படைக்குப் பிறகு 'ஹோம் கார்ட்' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரைக் கேட்டால் எம்மவருக்கு வேறு நினைவுகள் வரும். இங்கே அது வயது போனவர்களும் வேலைக்குப் போகும் ஆண்களும் சேர்ந்து மாலையில் காவல் நின்ற படை.

இவ்வளவும் கட்டியும் சண்டை நடக்கவில்லை. ஜூலை மாதத்திலேயே அயன்சைட் மாற்றப்பட்டு, அவருடைய இடத்துக்கு ஜெனரல் அலன் புறூக் வந்தார். அரணுக்குள் குந்தியிருப்பதைவிட, ஓடித் திரிந்து அடிக்கும் படைதான் தேவை என்பது அவருடைய கொள்கை. செப்டெம்பர் 17இல் ஹிட்லர் படையெடுப்பைத் திகதி குறிக்காமல் ஒத்தி வைத்தார். குளிசைப் பெட்டிகள் காவல் இருந்தன, எதிரி வரவில்லை.

அதே கோடையில் அகதிகள்

நாம் அகதிகளாக வந்தவர்கள் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். கென்றில் சான்ட்விச் என்ற ஊருக்கருகே கிச்சனர் முகாம் என்று ஒன்று இருந்தது. ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி 1939இல் வந்த ஏறத்தாழ 4,000 யூத ஆண்களை அங்கே வைத்திருந்தார்கள். யுத்தம் தொடங்கியதும் அவர்களில் நூற்றுக்கணக்கானோர் பிரித்தானிய இராணுவத்தின் வேலைப் படையில் சேர்ந்து மண்வெட்டி பிடித்தார்கள்.

1940 மே, ஜூனில் பயம் கூடியபோது, ஹிட்லருக்குப் பயந்து ஓடி வந்தவர்களையும் 'எதிரி நாட்டார்' என்ற ஒரே கணக்கில் பிடித்தார்கள். சுமார் 27,000 பேரை அடைத்தார்கள். மான் தீவில் முட்கம்பிக்குள் வைத்தார்கள். சிலரைக் கப்பலேற்றிக் கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் அனுப்பினார்கள். 'அரன்டோரா ஸ்ரார்' என்ற கப்பல் ஜூலை 2இல் தாக்கப்பட்டு மூழ்கியபோது 800க்கு மேற்பட்டவர்கள் இறந்து போனார்கள். அதில் இருந்தவர்களில் பெரும்பகுதியினர் இப்படிப் பிடிக்கப்பட்ட இத்தாலியரும் ஜேர்மனியருமே. பின்னர் பிழை உணரப்பட்டுப் பெரும்பாலானோர் விடுவிக்கப்பட்டார்கள். அவர்களில் பலர் மீண்டும் இராணுவத்தில் சேர்ந்து இந்த நாட்டுக்காகவே உழைத்தார்கள். ஒரு நாட்டுக்குப் பயம் வரும்போது அகதியின் நிலை எப்படி மாறும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

காணாமற் போன விதம்

28,000 கட்டினார்கள் என்றேன். மிஞ்சியிருப்பது அதில் கால்வாசியளவுதான். யுத்தம் முடிந்ததும் காணிகள் உரியவர்களுக்குத் திரும்பப் போயின. உழவுக்கு இடைஞ்சலாக இருந்ததை உடைத்தார்கள். றோட்டு அகலமானபோது சிலது போனது, வீடு கட்டியபோது சிலது போனது. கரையோரத்தில் கடல் மண்ணை அரிக்க, மேட்டில் நின்றவை கீழே மணலுக்கு விழுந்தன. எசெக்சில் வோல்ரன் என்ற கடற்கரைக்குப் போனால் அப்படி விழுந்து கிடப்பதைப் பார்க்கலாம். மிஞ்சியவை அனேகமாக, உடைக்கிற செலவு கூட என்பதால் மிஞ்சியவை. கமக்காரர் அவற்றை மண்வெட்டி வைக்கவும் பன்றி அடைக்கவும் பாவித்தார்கள்.

அகழிகளைப் பெரும்பாலும் உடனேயே மூடிவிட்டார்கள். ஆனாலும் நிலம் மறக்கவில்லை. மூடிய அகழியில் மண் ஆழமாகவும் ஈரமாகவும் இருக்கும். மழை இல்லாத கோடையில் அந்த இடத்துப் பயிர் மட்டும் பச்சையாக உயர்ந்து நிற்கும். விமானத்தில் இருந்து படம் எடுத்தால் வயலுக்குக் குறுக்கே கோடு போட்டது போல் தெரியும்.

இன்னொரு வகை அரண் முழுவதுமாக மறைந்தே போனது. எதிரி ஊரைப் பிடித்தால் பின்னால் நின்று தாக்குவதற்காக, 1940 கோடையில் இரகசியமாக ஆட்களைச் சேர்த்தார்கள். கமக்காரர், காட்டுக் காவற்காரர், தோட்ட வேலைக்காரர் என்று காடு மேடு தெரிந்தவர்கள். காட்டுக்குள் நிலத்துக்குக் கீழே தகரத்தை வளைத்து அறை கட்டி, மேலே மண்ணும் செடியும் போட்டு மூடினார்கள். நாலு முதல் எட்டுப் பேர் வரை தங்கலாம். தப்பிப் போக ஒரு சுரங்கவழி. உள்ளே இரண்டு கிழமைக்குச் சாப்பாடு. அதற்குமேல் உயிரோடு இருப்போம் என்று அவர்களும் எண்ணியிருக்க மாட்டார்கள். 1944 நவம்பரில் படை கலைக்கப்பட்டது. வாய் திறக்கக்கூடாது என்று கையெழுத்து வைத்தவர்கள் ஆதலால், பலர் மனைவிக்கும் சொல்லாமலே இறந்தார்கள். எஞ்சியிருந்த சிலர் நினைவு நாள் அணிவகுப்பில் முதல் முறையாக நடந்தது 2013இல். அதற்குள் தகரம் கறள் பிடித்துக் கூரை இடிந்து, பல அறைகள் வெறும் பள்ளமாகிவிட்டன.

இனி முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். 1960களின் கடைசியில், சோல்ஸ்பரி நகரத்துப் பத்திரிகை ஒன்றில் படம் பிடிக்கிறவராக வேலை பார்த்த ஹென்றி வில்ஸ் என்பவர், குளிசைப் பெட்டிகளை உடைக்கிறார்கள் என்பதைக் கவனித்தார். யாராவது இவற்றைக் குறித்து வைத்திருக்கிறார்களா என்று தேடினால், முழுமையான பட்டியல் எங்கும் இல்லை. அவர் பெரிய சரித்திர ஆசிரியரல்ல. நாடெங்கும் உள்ள ஊர்ப் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதி, உங்கள் ஊரில் எங்கே இருந்தது, யார் கட்டியது என்று வாசகர்களைக் கேட்டார். வந்த பதில்களைச் சேர்த்து 1985இல் புத்தகமாக்கினார். அதன் பின் 1995இல் பிரித்தானியத் தொல்லியல் மன்றம் ஒரு வேலைத்திட்டத்தைத் தொடங்கியது. சுமார் 600 தொண்டர்கள் 2002 வரை வயல் வயலாக நடந்து, ஊர் ஊராக வயதானவர்களைக் கேட்டு, ஏறத்தாழ 20,000 இடங்களைப் பதிவு செய்தார்கள். இன்று அது யாரும் பார்க்கக்கூடிய பதிவாக இருக்கிறது.

யுத்தம் முடிந்து ஐம்பது வருடத்துக்குப் பிறகு செய்த வேலை அது. மண் சுமந்தவர்கள், கொங்கிறீற் குழைத்தவர்கள், காவல் நின்றவர்கள் உயிரோடு இருந்தபடியால்தான் முடிந்தது. இன்னும் பத்துப் பதினைந்து வருடம் பிந்தியிருந்தால் கேட்க ஆள் இருந்திராது.

போய்ப் பார்ப்பவர்களுக்கு

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்க விரும்புவோர் சில விடயங்களைக் கவனத்தில் வையுங்கள். பல அரண்கள் தனியார் காணிக்குள் நிற்கின்றன. பொதுமக்கள் நடக்கக்கூடிய பாதைகளில் மஞ்சள் அம்புக்குறி போட்டிருக்கும், அந்தப் பாதையில் நடப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆற்றங்கரை, கால்வாய்க்கரைப் பாதைகளே வசதியானவை. சில அரண்களை வௌவால்களுக்கு இருப்பிடமாக விட்டிருக்கிறார்கள். இங்கே வௌவாலைக் குழப்புவது சட்டப்படி குற்றம். கறள் பிடித்த குண்டு போல் ஏதாவது நிலத்தில் கண்டால் தொடாமல் விலகிப் போய் 999க்கு அறிவியுங்கள். இதை எம்மவருக்குப் படிப்பிக்கத் தேவையில்லை. ஆனால் இங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

எங்கள் பங்கர்

அதே உலக யுத்தம் எங்கள் மண்ணையும் தொட்டது. 1942 ஏப்ரல் 5இல் கொழும்பிலும் 9இல் திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. பலாலி விமானத் தளம் பிரித்தானிய விமானப் படைக்காக அந்த யுத்த காலத்தில்தான் போடப்பட்டது. அந்த ஓடுபாதையைச் சுற்றி 1990இல் வலிகாமம் வடக்குச் சனம் எழும்ப வேண்டி வந்ததும், பிறகு உயர் பாதுகாப்பு வலயம் என்று பெயர் வந்ததும் உங்களுக்குத் தெரியும். அந்தக் காணிகள் பல வருடங்களுக்குப் பிறகு துண்டு துண்டாகத்தான் திரும்பக் கிடைத்து வந்தன.

ஆனால் நான் சொல்ல வருவது இராணுவத்தின் அரண் பற்றியோ இயக்கத்தின் அரண் பற்றியோ அல்ல. எங்கள் வளவுக்குள் நாங்கள் வெட்டிய பங்கர் பற்றி.

அதற்கு இலக்கமிட்ட மாதிரிப் படம் இல்லை. ஆனாலும் யாழ்ப்பாணத்தில் இருந்து முல்லைத்தீவு வரை ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் வெட்டினோம். ஆள் குனிந்து நிற்கும் ஆழம். வாசலில் இருந்து நேரே போகாமல் ஒரு முறிவு இருக்கும், வெளியே விழும் செல்லின் சிதறல் நேராக உள்ளே வரக்கூடாது என்பதற்காக. அந்த ஆங்கிலேய அரணின் குறுக்குச் சுவருக்கும் இந்த முறிவுக்கும் வேலை ஒன்றுதான். மேலே பனங்குற்றி அல்லது தென்னங்குற்றி, அதற்குமேல் தகரமோ தறப்பாளோ, அதற்குமேல் மண்மூட்டை. வலிகாமத்தில் கொஞ்சம் வெட்டினால் சுண்ணாம்புக்கல் வந்துவிடும், அலவாங்குதான். வன்னியில் மாரி வந்தால் ஊற்று வந்துவிடும், பாம்பும் வரும். 1990இல் யாழ்தேவி நின்ற பிறகு வடபகுதித் தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் கூடப் பங்கர்களுக்குள் போயின. யாழ்ப்பாணத்துக்கு றெயில் திரும்ப ஓடியது 2014இல்தான்.

2009இன் முதல் மாதங்களில் மண் போடச் சாக்கு இல்லை. சீலைகளை வெட்டி மூட்டை தைத்தார்கள். கலியாணக் கூறை கூட மண்மூட்டையானது. எத்தனை பங்கருக்கு வெளியே பட்டுக்கரை வெயிலில் மின்னியது என்பதை அங்கே இருந்தவர்கள் அறிவார்கள். ஓரிடத்தில் வெட்டி, இரண்டு நாள் இருந்து, எழும்பி நடந்து, அடுத்த இடத்தில் மீண்டும் வெட்டினோம். கடைசியில் கடற்கரை மணலில் வெட்டவும் முடியவில்லை. சுவர் சரிந்து விழுந்தது.

புதுக்குடியிருப்பில் நிலத்துக்கடியில் இருந்த தலைவரின் பல மாடிப் பதுங்குமனையை யுத்தத்துக்குப் பின் தெற்கிலிருந்து வந்தவர்களுக்குக் காட்சிக்கு வைத்தார்கள். 2013இல் இராணுவம் அதைத் தகர்த்தது. அதைப் பற்றிப் பத்திரிகைகளில் செய்தியும் படமும் இருக்கின்றன. ஒரு தாய் மூன்று பிள்ளைகளோடு ஒளித்திருந்த பங்கருக்குப் படம் எங்கே? அது கொங்கிறீற் அல்ல. குற்றி உக்கிவிடும், சாக்குக் கிழிந்துவிடும், ஒரு மாரியில் மண் இறங்கிவிடும். திரும்பப் போனவர்கள் வீடு கட்டும்போது நிரவிவிட்டார்கள், அதுவும் நியாயந்தான். இருந்த இடம் தெரிந்தவர் வாயில் மட்டுந்தான் அது இன்று இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. சில பங்கர்கள் வெறும் பள்ளமாக மூடப்படவில்லை. செத்தவர்களைத் தூக்கிக்கொண்டு போக வழியில்லாமல், இருந்த பங்கரிலேயே மண்ணைத் தள்ளி மூடிவிட்டு எழும்பினார்கள். எங்கள் குடும்பத்திலும் அப்படி ஒன்று மூடப்பட்டது. அதை இங்கே விரிக்க விரும்பவில்லை. அந்த இடத்துக்குப் பெயர்ப் பலகை இல்லை. எந்த மரத்துக்குக் கிழக்கே, எந்தக் கிணற்றில் இருந்து எத்தனை காலடி என்று சொல்ல இப்போது இரண்டு பேர்தான் உயிரோடு இருக்கிறோம். அதனால் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒரு கொப்பியும் ஒரு பென்சிலும்

ஆகவே இந்த இதழை வாசிக்கும் குடும்பங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டு அம்மம்மா, அப்பப்பா, மாமா யாரிடமாவது கேட்டு, உங்கள் பங்கரை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பெரிய எழுத்து வேண்டாம், பேசுகிற மாதிரியே எழுதலாம். கேட்க வேண்டியவை இவ்வளவுதான்:

1. எந்த ஊர், எந்தக் குறிச்சி, யாருடைய வளவு?
2. எந்த ஆண்டு, எந்த மாதம் வெட்டினீர்கள்? மாதம் நினைவில்லாவிட்டால் நல்லூர்த் திருவிழாவுக்கு முன்னா பின்னா என்று கேளுங்கள், வரும்.
3. யார் வெட்டினார்கள், எதனால் மூடினார்கள்? குற்றி எங்கிருந்து வந்தது?
4. உள்ளே எத்தனை பேர் இருந்தீர்கள்? இரவில் என்ன செய்தீர்கள்? பிள்ளைகளுக்கு என்ன சொல்லிச் சமாளித்தீர்கள்?
5. பிறகு அது என்ன ஆனது?

அதோடு வளவைப் படமாகக் கீறுங்கள். வீடு, கிணறு, வேலி, முருங்கை, பனை எல்லாவற்றையும் போட்டு, பங்கர் இருந்த இடத்தைக் குறியுங்கள். தூரத்தை அடியாகச் சொல்லத் தெரியாவிட்டால் காலடிக் கணக்கில் போடலாம். கொப்பியின் மேலே எழுதிய திகதியையும் சொன்னவரின் உறவு முறையையும் போடுங்கள்.

கேட்கும்போது கவனம் வேண்டும். சிலருக்கு இது ஆறாத புண். வாய் திறக்காவிட்டால் வற்புறுத்தாதீர்கள். தேநீர் ஒன்றைக் கொடுத்துவிட்டு வேறு கதைக்குப் போங்கள். எங்கள் அனுபவத்தில், பங்கரைப் பற்றிக் கேட்டால் பேசாதவர்கள் அந்தப் பனையைப் பற்றியோ கிணற்றைப் பற்றியோ கேட்டால் பேசுவார்கள், பங்கர் தானாக வரும். எழுதியதை யாருக்கும் அனுப்பவோ வெளியில் போடவோ தேவையில்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கும் குடும்பங்களும் ஊரில் சொந்தங்கள் இருக்கும் குடும்பங்களும் அதை வீட்டுக்குள்ளேயே பத்திரமாக வைத்திருங்கள். பிள்ளைகள் வளர்ந்த பின் வாசிக்கட்டும்.

எங்கள் பிள்ளைகள் இங்கே பள்ளிக்கூடத்தில் இரண்டாம் உலக யுத்தம் படிக்கிறார்கள். தோட்டத்தில் தகரம் புதைத்துக் குண்டுக்கு ஒளித்த லண்டன் குடும்பங்களைப் பற்றிப் படம் கீறிக்கொண்டு வருகிறார்கள். அது நல்ல படிப்பு. அந்தக் கொப்பியோடு வீட்டுக்கு வரும் பிள்ளைக்கு, தன் சொந்த அம்மம்மாவும் பங்கருக்குள் இருந்தவர் என்று தெரியாமல் இருப்பது சரியல்ல. இங்குள்ளவர்கள் தங்கள் வயலுக்குள் நின்ற கொங்கிறீற்றைக் கூட ஒவ்வொன்றாக எண்ணி எழுதினார்கள். எங்களுக்கு எண்ணக் கொங்கிறீற் இல்லை. சொல்லக்கூடிய ஆட்கள் இன்னும் எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கிறார்கள். கேட்பதற்கு இந்த மாரி விடுமுறை நல்ல நேரம்.

அடுத்த இதழில் இங்குள்ள கால்வாய்களை யார் வெட்டினார்கள் என்பது பற்றி எழுத எண்ணியிருக்கிறேன். அதுவரை வணக்கம்.